ஹெலிகொப்டர்கள் ஏன் வீழ்கின்றன? சிதைவுகள் கூறும் சாட்சியம்

2000 ஆம் ஆண்டு செப்டெம்பர் 16 ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பாறை நோக்கிப் புறப்பட்ட விமானப் படையின் எம்.ஐ. 17 ரக ஹெலிகொப்டர், கேகாலை மாவட்டத்தின் அரநாயக்க ஊரகந்த மலைப்பகுதியில் வீழ்ந்து நொறுங்கியது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் ஸ்தாபகத் தலைவரும் அமைச்சருமான மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரபும் அவருடன் பயணித்த அனைவரும் உயிரிழந்தனர். பொதுத் தேர்தலுக்கு 24 நாட்களே எஞ்சியிருந்த வேளை அது.

அன்று தொட்டு, குறிப்பாகக் கிழக்கு மாகாணத்தில், இரண்டு கேள்விகள் ஓயவில்லை. அது விபத்தா, சதியா என்பது ஒன்று. ஹெலிகொப்டர் ஆகாயத்திலேயே சிதறியதா அல்லது மலையில் மோதிச் சிதறியதா என்பது மற்றொன்று. ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதம் வந்ததும் ஆசிரிய பீடத்திற்கு வரும் கடிதங்களில் முதற் கேள்வியே பெரிதும் இடம்பெறுகின்றது. எமது எண்ணப்படி இரண்டாவது கேள்வியையே முதலில் கேட்கவேண்டும். அதற்கான விடை உலோகத்திலும் மண்ணிலும் எழுதப்பட்டிருக்கும். முதற் கேள்விக்கான விடையும் பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கும். ஊரகந்தவில் நிகழ்ந்தது இன்னதுதான் என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. இத்தகைய இயந்திரங்கள் எவ்வாறு வீழ்கின்றன, வீழ்ந்தபின் அவை எவ்வகைச் சாட்சியங்களை விட்டுச் செல்கின்றன என்பதை, உலகெங்கும் முறையாக விசாரிக்கப்பட்ட சம்பவங்களைக் கொண்டு விளக்க முற்படுகின்றோம்.

ஹெலிகொப்டர் ஒன்றின் இயந்திரம் நின்றுவிட்டால் அது கல்லைப் போல வீழ்ந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அது சரியன்று. இயந்திரம் நின்றாலும், விமானி விசிறித் தகடுகளின் சாய்வை உடனடியாகக் குறைத்துவிட்டால், கீழிருந்து மேல்நோக்கி வரும் காற்றே விசிறியைச் சுழற்றிக்கொண்டிருக்கும். எமது நாட்டின் ஈரவலயக் காடுகளிலே ஹொர மரத்தின் சிறகு முளைத்த காய் சுழன்று சுழன்று மெதுவாக இறங்குவதைக் கண்டவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. போதிய உயரமும் இறங்குவதற்கு வெளியும் இருந்தால், பயிற்சி பெற்ற விமானி ஒருவர் இவ்வாறு பாதுகாப்பாகத் தரையிறங்க முடியும். மேலும் எம்.ஐ. 17 போன்ற பெரிய ரகங்களில் இரண்டு இயந்திரங்கள் உண்டு.

இரண்டாக இல்லாதவையே ஆபத்தானவை. இயந்திரங்கள் இரண்டாயினும் அவற்றின் விசையை விசிறிக்குக் கடத்தும் பிரதான கியர் பெட்டி ஒன்றே. விசிறியைத் தாங்கும் தண்டு ஒன்றே. உடல் எதிர்த்திசையில் சுழன்றுவிடாது தடுக்கும் வால் விசிறியும் ஒன்றே. சாதாரண விமானத்தின் இறக்கைகள் அசையாதவை. ஹெலிகொப்டரின் இறக்கையோ ஓயாது சுழல்வது, ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்வது. இவற்றுள் ஒன்று முறிந்தால் அதற்கு மாற்று எதுவுமில்லை.

எனினும், பிரமுகர்களைப் பலிகொண்ட ஹெலிகொப்டர் விபத்துகளை வரிசையாக எடுத்து நோக்கினால், இயந்திரக் கோளாறைக் காட்டிலும் முகிலும் மலையுமே அடிக்கடி குறுக்கிடுகின்றன.

2021 டிசம்பர் 8 ஆம் திகதி தமிழ்நாட்டின் குன்னூர் அருகே இந்தியாவின் முப்படைத் தளபதி பிபின் ராவத் பயணித்த ஹெலிகொப்டர் வீழ்ந்தது. அதுவும் எம்.ஐ. 17 குடும்பத்தைச் சேர்ந்ததே. அதிலிருந்த 14 பேரில் 13 பேர் அன்றே உயிரிழந்தனர். எஞ்சிய விமானப் படை அதிகாரி ஒரு வாரத்தின் பின்னர் வைத்தியசாலையில் மரணமடைந்தார். இந்தியாவிலும் அன்று மாலையே சதி பற்றிய பேச்சு எழுந்தது. முப்படைகளின் கூட்டு விசாரணைக் குழுவோ, இயந்திரக் கோளாறு, நாசவேலை, கவனயீனம் ஆகியவற்றை நிராகரித்தது. பள்ளத்தாக்கில் காலநிலை திடீரென மாறியதால் ஹெலிகொப்டர் முகிலினுள் நுழைந்தது, விமானியின் நிலையுணர்வு தடுமாறியது, முழுக் கட்டுப்பாட்டில் இருந்தவாறே அது மலையில் மோதியது என்பதே அக்குழுவின் கண்டறிவு.

“முழுக் கட்டுப்பாட்டில் இருந்தவாறே” என்ற சொற்கள் பலருக்கு வியப்பளிக்கலாம். பழுதேதுமற்ற, விமானியின் சொற்படி இயங்குகின்ற ஒரு விமானம், எதிரே மலை இருப்பதை அவர் அறியாத காரணத்தால் அதில் மோதுவதை விமானத்துறையில் தனியொரு விபத்து வகையாகவே கொள்கின்றனர். நிலையுணர்வு தடுமாறுவது இதனோடு நெருங்கிய மற்றொரு விடயம். எமது உடல் எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதை உட்காதும் கண்ணும் சேர்ந்தே மூளைக்குச் சொல்கின்றன. முகிலினுள் கண் பயனற்றுப் போகின்றது. மெதுவான, சீரான திருப்பத்தை உட்காது சிறிது நேரத்தில் உணராது விட்டுவிடுகின்றது. சரிந்து வீழ்ந்துகொண்டிருக்கும் விமானி தாம் நேராகப் பறப்பதாகவே உறுதியாக நம்புவார். 1954 இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து விமானம் செலுத்தும் பயிற்சி இல்லாத 20 பேரைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தப்பட்டது. வெளிக்காட்சி மறைக்கப்பட்டதும் இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு எடுத்த சராசரி நேரம் 178 விநாடிகள். மூன்று நிமிடங்கள்கூட இல்லை. அது சாதாரண விமானத்தில் நடந்த பரிசோதனை. இயல்பிலேயே நிலைத்தன்மை குறைந்த ஹெலிகொப்டரில் அவகாசம் இதைவிடக் கூடுதலாக இருக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

கூடைப்பந்தாட்ட வீரர் கோபே பிரயன்ட், அவரது மகள் உட்பட 9 பேர் 2020 ஜனவரி 26 ஆம் திகதி கலிபோர்னியாவில் உயிரிழந்தமைக்கும் இதுவே காரணமெனக் காணப்பட்டது. முகிலுக்கு மேலே ஏறிக்கொண்டிருப்பதாக விமானி கட்டுப்பாட்டு நிலையத்திற்கு அறிவித்துக்கொண்டிருந்த வேளையில், ஹெலிகொப்டர் இடப்புறமாகத் திரும்பி வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. முக்கிய பயணியை ஏமாற்றக்கூடாது என்று விமானி தமக்குத் தாமே ஏற்படுத்திக்கொண்ட நெருக்குதலையும் அமெரிக்க விசாரணைச் சபை ஒரு காரணியாகச் சுட்டியது. அவரை எவரும் வற்புறுத்தியதாகச் சான்று கிடைக்கவில்லை. பிரமுகர்களின் பயணங்களில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. கூட்டம் காத்திருக்கின்றது என்பதைப் பெரும்பாலும் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விமானிக்கு அது தெரியும்.

ஆந்திர முதலமைச்சர் வை.எஸ். ராஜசேகர ரெட்டி 2009 செப்டெம்பர் 2 ஆம் திகதி நல்லமலைக் காட்டில் உயிரிழந்த சம்பவத்தில் இரண்டு காரணிகள் பின்னிக்கொண்டன. கியர் பெட்டியின் எண்ணெய் அழுத்தம் தொடர்பான எச்சரிக்கை ஒன்றிற்கு விளக்கம் தேடிக் கையேட்டைப் புரட்டுவதில் விமானிகள் சில நிமிடங்களைச் செலவிட்டனர். அதற்குள் ஹெலிகொப்டர் இடிமுகிலின் கீழ்நோக்கிய காற்றோட்டத்தில் சிக்கிக்கொண்டது. சிறியதொரு எச்சரிக்கையே பெரிய ஆபத்தை மறைத்துவிட்டது.

எமது வாசகர்கள் மறந்திருக்க முடியாத மற்றொரு சம்பவம் ஈரானிய ஜனாதிபதி இப்ராஹிம் ரைசியின் மரணம். 2024 மே 19 ஆம் திகதி அஸர்பைஜான் எல்லையிலிருந்து திரும்பும் வழியில் அவரது பெல் 212 ரக ஹெலிகொப்டர் மலையில் மோதியதில், வெளிநாட்டமைச்சர் உட்பட 8 பேரும் பலியாகினர். இஸ்ரேலுடனான பகைமை உச்சத்தில் இருந்த காலமாதலால் சந்தேகம் எழுந்தது இயல்பே. ஈரானிய ஆயுதப் படைகளின் விசாரணை, மலைப்பகுதியில் திடீரென மேலெழுந்த அடர்ந்த மூடுபனியே பிரதான காரணம் என முடிவுசெய்தது. முடிவைவிட, அதற்கு அவர்கள் கூறிய நியாயமே இங்கு முக்கியமானது. பாகங்கள் சிதறிக் கிடந்த விதத்தையும், பிரதான உடலிலிருந்து அவை விலகியிருந்த தூரத்தையும், சிதைவுகளில் நடத்தப்பட்ட பரிசோதனைகளையும் கொண்டே, மோதலுக்கு முன்னர் ஆகாயத்தில் குண்டு வெடித்திருக்கலாம் என்பதை அவர்கள் நிராகரித்தனர். நாம் மேலே கூறிய இரண்டாவது கேள்வியே அங்கு முதலில் கேட்கப்பட்டுள்ளது.

ஆகாயத்தில் ஹெலிகொப்டர் உடைவது அரிது. ஆனால் குண்டோ ஏவுகணையோ இல்லாமலேயே அது நிகழ்ந்துள்ளது. 1986 நவம்பர் 6 ஆம் திகதி, வடகடல் எண்ணெய்த் தளத்திலிருந்து ஸ்கொட்லாந்தின் ஷெட்லண்ட் தீவுக்குத் திரும்பிய சினூக் ரக ஹெலிகொப்டர், ஓடுபாதையை அண்மித்த வேளையில் கடலில் வீழ்ந்தது. 45 பேர் பலியாகினர், இருவரே உயிர்தப்பினர். சினூக்கில் முன்னும் பின்னுமாக இரண்டு பெரிய விசிறிகள் உண்டு. ஒன்றின் தகடுகள் மற்றதன் தகடுகளுக்கு இடையே புகுந்து செல்லும் வகையில் பற்சக்கரங்கள் அவற்றை இணைத்துள்ளன. அன்று முன்புறப் பற்சக்கரம் ஒன்று உடைந்ததும் இந்த ஒழுங்கு குலைந்து, தகடுகள் ஒன்றோடொன்று மோதின.

இன்னும் துயரமானது நோர்வேயின் தூரோய் தீவருகே 2016 ஏப்ரல் 29 ஆம் திகதி நிகழ்ந்தது. சீரான பறப்பில் இருந்த சூப்பர் பியூமா ரக ஹெலிகொப்டரின் பிரதான விசிறி முழுமையாகக் கழன்று தனியே பறந்தது. உடல் பாறைத் தீவில் வீழ்ந்து 13 பேரும் மாண்டனர். கடலடியில் சிதறிய பற்சக்கரத் துண்டுகள் காந்தத்தின் உதவியுடன் தேடியெடுக்கப்பட்டன. கியர் பெட்டியினுள்ளே சிறிய பற்சக்கரம் ஒன்றின் மேற்பரப்பில் தோன்றிய நுண்ணிய குழி, உள்நோக்கி வெடிப்பாக வளர்ந்து, ஈற்றில் சக்கரத்தையே பிளந்துவிட்டது. எண்ணெயில் கலக்கும் உலோகத் துகள்களைப் பிடித்து எச்சரிக்கும் கருவி அதில் இருந்தும், அது எவ்வித எச்சரிக்கையும் தரவில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு ஹெலிகொப்டர் 2009 ஏப்ரல் 1 ஆம் திகதி ஸ்கொட்லாந்துக்கு அப்பால் ஏறக்குறைய இதே விதமாகச் சிதைந்து 16 பேரைப் பலிகொண்டிருந்தது. ஒருமுறை எச்சரித்த உலோகம் ஏழாண்டுகளின் பின்னர் மறுமுறையும் அதே எச்சரிக்கையை விடுக்க நேர்ந்தது என்பதை இங்கு கூறாதிருக்க முடியவில்லை.

வால் விசிறியின் கதையும் இதனைப் போன்றதே. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 2018 ஒக்டோபரில் உதைபந்தாட்டக் கழகமொன்றின் உரிமையாளர் உட்பட 5 பேர் இறந்தபோது, வால் விசிறியைக் கட்டுப்படுத்தும் அமைப்பிலுள்ள ஒரு சிறிய தாங்கி இறுகி நின்றதே தொடக்கமாக இருந்தது. அதன் பின்னர் விமானியால் செய்யக்கூடியது எதுவுமே இருக்கவில்லை என்று விசாரணை அறிக்கை கூறியது.

இரண்டே தகடுகள் கொண்ட விசிறி, தராசுத் தண்டு போல நடுவில் ஆடும்படி பொருத்தப்பட்ட ரகங்களில் மற்றுமோர் அபாயம் உண்டு. விமானி முன்புறமாகச் சட்டென அமிழ்த்தும்போதோ, கடும் காற்றுக் குழப்பத்திலோ, விசிறியின் மீதுள்ள பாரம் கணப்பொழுது அற்றுப்போகும். அப்போது விசிறி அளவுக்கு மீறிச் சாய்ந்து தன்னையே தாங்கும் தண்டில் அடித்து அதை முறிக்கலாம். அல்லது தகடு கீழிறங்கி வாலையோ விமானியின் அறையையோ வெட்டலாம். அமெரிக்கப் படையினர் வியட்நாம் கால ஹெலிகொப்டர்களில் இதனைக் கண்டறிந்தனர். நியூசிலாந்தில் ரொபின்சன் ரகச் சிறு ஹெலிகொப்டர்கள் இவ்வாறு தொடர்ந்து சிதைந்தமையால், அந்நாட்டு விசாரணை ஆணைக்குழு 2016 இல் இதனைத் தனிக் கவனத்திற்குரிய ஆபத்துகளின் பட்டியலில் சேர்த்தது. நிலத்திலிருந்து பார்ப்பவருக்கு இது குண்டுவெடிப்பாகவே தோன்றும். ஆனால் எம்.ஐ. 17 இன் விசிறி ஐந்து தகடுகள் கொண்டது, வேறு விதமாகப் பொருத்தப்பட்டது. ஆதலால் இந்தக் காரணத்தை அதற்குப் பொருத்திப் பார்ப்பதற்கில்லை. ரகத்தை அறிந்தாலே சில காரணங்கள் விலகிவிடும் என்பதற்கு இது உதாரணம்.

இனி, சிதைவுகளை வாசிக்கும் முறைக்கு வருவோம். விசாரணையாளர் முதலில் தேடுவது ஹெலிகொப்டரின் நான்கு எல்லைகளை: மூக்கு, வாலின் நுனி, விசிறித் தகடுகளின் நுனிகள், தரைச் சட்டம். இவை யாவும் ஒரே இடத்தில் கிடந்தால் அது முழுமையாகவே வந்து மோதியது எனலாம். ஒரு தகடோ வாலோ வழித்தடத்தில் நெடுந்தூரம் முன்பாகக் கிடந்தால், உடைவு ஆகாயத்திலேயே தொடங்கியிருக்கின்றது. மரங்கள் வெட்டுண்ட கோணம், அது எந்தச் சரிவில், எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதைக் காட்டும். தடித்த கிளைகள் சீராக வெட்டுண்டிருந்தால் மோதும் கணத்தில் விசிறி முழு வலுவுடன் சுழன்றது என்று பொருள். தகடுகள் அதிகம் முறியாது மேல்நோக்கி வளைந்திருந்தால் விசிறி அதற்கு முன்னரே வேகமிழந்துவிட்டது. எச்சரிக்கை விளக்கினுள் இருக்கும் மெல்லிய இழைகூடச் சாட்சி சொல்லும். எரிந்துகொண்டிருந்த இழை சூட்டில் மென்மையடைந்திருப்பதால் மோதலில் நீண்டுவிடும், எரியாத இழை நீளாது முறியும்.

உலோகக் களைப்பினால் ஏற்பட்ட முறிவில், கடற்கரை மணலில் அலைகள் அடுத்தடுத்து விட்டுச்செல்லும் கோடுகளைப் போன்ற வரிகள் தென்படும். வெடிப்பு நாளுக்கு நாள் வளர்ந்த கணக்கு அது. மோதலில் ஒரே அடியாக முறிந்த உலோகத்தில் அவ்வரிகள் இரா. ஆகாயத்திலேயே தீப்பற்றியிருந்தால் புகைக்கரி காற்றோடிய திசையில் பின்னோக்கி இழுபட்டிருக்கும். வீழ்ந்தபின் பற்றிய தீ, எரிபொருள் தேங்கிய இடத்திலிருந்து மேலெழுந்த அடையாளத்தை விடும். உள்ளே வைத்த குண்டு வெடித்தால் தகடு வெளிநோக்கிப் பூவிதழ் போலச் சுருளும்; அருகிலுள்ள உலோகத்தில் நுண்குழிகள் விழும்; வெடிமருந்தின் இரசாயன எச்சம் தங்கும். ஏவுகணையெனில் துளைகள் வெளியிலிருந்து உள்நோக்கியிருக்கும். அதன் உலோகச் சில்லுகள் சிதைவுகளிலும், மன்னிக்கவும், உடல்களிலும் காணப்படும். ஜனாஸாக்களை விரைந்து நல்லடக்கம் செய்யவேண்டிய எமது முஸ்லிம் சகோதரர்களின் மார்க்கக் கடமைக்கும், பிரேத பரிசோதனையின் தேவைக்கும் இடையிலுள்ள சிரமம் இங்கு எழுகின்றது. அச்சிரமத்தை உணர்ந்து, பரிசோதனையைத் தாமதமின்றியும் முழுமையாகவும் செய்து முடிப்பது அரசின் பொறுப்பாகும்.

நேரில் கண்டவர்களின் வாக்குமூலத்தைப் பற்றியும் கூறவேண்டும். “ஆகாயத்திலேயே தீப்பிடித்ததைக் கண்டோம்” என்று நேர்மையானவர்களே கூறுவதுண்டு. ஒலி ஒளியைவிடப் பிந்தி வருவது. சத்தம் கேட்டு நிமிர்பவர், நிகழ்வின் நடுப்பகுதியையோ முடிவையோ தான் காண்கின்றார்; தொடக்கத்தை மனம் பின்னர் இட்டு நிரப்புகின்றது. இதனால் அவர்களின் கூற்றைப் புறந்தள்ளிவிடலாகாது. சிதைவுகளோடு ஒப்பிட்டு எடைபோட வேண்டும்.

சதி என்ற எண்ணமே நகைப்புக்குரியது எனச் சிலர் எழுதுவதையும் நாம் ஏற்கவில்லை. 2002 ஓகஸ்ட் 19 ஆம் திகதி செச்னியாவில் தோளிலிருந்து ஏவப்பட்ட ஏவுகணை, ரஷ்யாவின் எம்.ஐ. 26 ரக ஹெலிகொப்டரை வீழ்த்தி நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. எமது நாட்டிலும் போர்க்காலத்தில் விமானப் படையின் விமானங்களும் ஹெலிகொப்டர்களும் ஏவுகணைக்கு இலக்காகியுள்ளன. அத்தகைய காலமொன்றில், தேர்தல் சூடு நிறைந்த வேளையில், ஒரு சமூகத்தின் தலைவர் மாண்டபோது சந்தேகம் எழாதிருந்திருந்தால்தான் வியப்பு. 2005 ஜூலை 30 ஆம் திகதி தென் சூடானியத் தலைவர் ஜோன் கராங், உகண்டா ஜனாதிபதியின் ஹெலிகொப்டரில் பயணித்து மலைப்பகுதியில் உயிரிழந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. விமானியின் தவறே காரணமென்று விசாரணை கூறிய போதிலும் அவரது ஆதரவாளர்கள் பலர் அதனை ஏற்கவில்லை.

விசாரிப்பவர் யார் என்பதில்தான் சிக்கல் உள்ளது. 1944 ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் 13 ஆம் பின்னிணைப்பு, சர்வதேச சிவில் விமான விபத்துகளை விசாரிக்கும் ஒழுங்கை வகுக்கின்றது. பழி சுமத்துவது நோக்கமாகாது, மீண்டும் நிகழாது தடுப்பதே நோக்கம் என்றும், இறுதி அறிக்கை இயன்றவரை 12 மாதங்களுக்குள் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும் என்றும் அது கூறுகின்றது. ஆனால் அதே உடன்படிக்கையின் 3 ஆம் உறுப்புரை, இராணுவம், சுங்கம், பொலிஸ் ஆகிய சேவைகளிலுள்ள அரச விமானங்களுக்கு அது பொருந்தாது என விலக்களித்துள்ளது. படைகளின் ஹெலிகொப்டரில் பயணித்து இறக்கும் அமைச்சர் ஒருவரின் மரணம் பற்றிய அறிக்கையை வெளியிடும் சர்வதேசக் கடப்பாடு எந்த அரசுக்கும் இல்லை.

படைகள் தம்மைத் தாமே விசாரிப்பதன் விளைவைப் பிரித்தானியா கசப்புடன் கற்றது. 1994 ஜூன் 2 ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் கின்டயர் முனையில் விமானப் படையின் சினூக் மலையில் மோதி, வட அயர்லாந்தின் பாதுகாப்பு, புலனாய்வு அதிகாரிகள் உட்பட 29 பேர் பலியாகினர். அதில் பதிவுக் கருவி எதுவும் இருக்கவில்லை. அப்படியிருந்தும் 1995 இல் விமானப் படையின் உயரதிகாரிகள் இறந்துபோன இரு விமானிகள் மீதும் பாரதூரமான கவனயீனக் குற்றத்தைச் சுமத்தினர். குடும்பத்தினர் ஓயவில்லை. ஸ்கொட்லாந்து நீதிமன்ற விசாரணையும் பிரபுக்கள் சபைக் குழுவும் அத்தீர்ப்பை ஐயுற்றன. 2011 இல் பிலிப் பிரபுவின் மீளாய்வுக்குப் பின்னரே அது நீக்கப்பட்டது. பதினேழு ஆண்டுகள் சென்றன.

மர்ஹூம் அஷ்ரபின் மரணம் குறித்து விசாரிக்க அன்றைய ஜனாதிபதி சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க ஆணைக்குழுவொன்றை நியமித்தார். அதன் அறிக்கை பல ஆண்டுகளாகப் பகிரங்கப்படுத்தப்படாதிருந்தமை முஸ்லிம் மக்களின் நீங்காத மனக்குறையாகியது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பின்னர் அச்சட்டத்தின் கீழும் அந்த அறிக்கை கோரப்பட்டது. 2025 மே 9 ஆம் திகதி மாதுறு ஓயாவில் விமானப் படையின் பெல் 212 வீழ்ந்து படையினர் அறுவர் மாண்டபோதும், எமது மக்கள் முதலில் நினைவுகூர்ந்தது ஊரகந்தவையே.

அறிக்கை கைக்கு வருமாயின் அதில் தேடவேண்டியவை தெளிவானவை. ஐந்து விசிறித் தகடுகளும் வாலும் எங்கெங்கே கிடந்தன என்பதைக் காட்டும் அளவீட்டு வரைபடம் உள்ளதா? கியர் பெட்டி திறந்து பார்க்கப்பட்டதா, முறிந்த பாகங்கள் நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கப்பட்டனவா? வெடிமருந்து எச்சத்திற்கான பரிசோதனை எந்த ஆய்வுகூடத்தில், எத்தனை நாட்களுக்குப் பின் நடந்தது? அன்றைய முகில் மட்டம் பற்றிய வளிமண்டலவியல் பதிவு இணைக்கப்பட்டுள்ளதா? பராமரிப்புப் பதிவேடு முழுமையானதா? மலையில் கிடந்த உலோகத்தைக் கால் நூற்றாண்டின் மழை எப்போதோ அரித்திருக்கும். எஞ்சியிருக்கக்கூடியவை புகைப்படங்களும் அளவீட்டுத் தாள்களும் ஆய்வுகூட முடிவுகளும் மட்டுமே. அவை எந்த அலுவலகத்தின் எந்த அலுமாரியில் உள்ளன என்பதைத்தான் அம்மக்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.